பாக்கெட்டில் தேக்கு விதை, கையில் வாக்கிங் ஸ்டிக்... மொட்டையான ஆனைமலையைத் துளிர்க்கவைத்த ஹ்யூகோ வுட்!

கோவிலம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் போகும் ரோடு. மெட்ரோ வேலைக்கு நடுவில் வண்டிகள் இன்ச் இன்ச்சாக நகரும். ஹெல்மெட்டுக்குள் வியர்வை கொட்டும். அப்போது திடீரென ஒரு பக்கம் கட்டடங்கள் காணாமல்போய், புதர்க்காடு ஒன்று எட்டிப் பார்க்கும். அதுதான் நன்மங்கலம் காப்புக்காடு. சுமார் 320 ஹெக்டேர். தினமும் தாண்டிப் போறோம். ஆனா, ஒரு காட்டை அழிச்சுட்டா அதைத் திரும்பக் கொண்டுவர முடியுமான்னு என்னைக்காவது யோசிச்சிருக்கோமா?

நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மனிதர் யோசித்தார். அவர் பெயர் ஹ்யூகோ வுட். அவரைத் தெரிஞ்சுக்க, இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் டாப்ஸ்லிப்புக்குப் போகணும்.

பேரிலேயே இருக்கு கதை!

பொள்ளாச்சியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கிறது டாப்ஸ்லிப். இன்ஸ்டா ரீல்ஸில் யானை, பனி, பச்சைப் புல்வெளி என அழகாகத் தெரியும் அந்த இடத்தின் பெயருக்குப் பின்னால் இருப்பது ஒரு சோகம். மலை உச்சியில் வெட்டிய தேக்கு மரங்களை அங்கிருந்துதான் கீழே சரித்து விடுவார்கள். 'டாப்'பில் இருந்து 'ஸ்லிப்'. அவ்வளவுதான்.

எதுக்கு இவ்வளவு தேக்கு? கப்பல் கட்டத்தான். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால், தண்ணீரில் சீக்கிரம் மக்காது. அதனால், 19-ம் நூற்றாண்டில் ஆனைமலைத் தேக்கு பம்பாய் கப்பல் தளத்துக்குப் போனது. பிறகு ரயில் வந்தது. 1856-ல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பியதும், தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளுக்கும் மரம் தேவைப்பட்டது. வெட்டினார்கள். வெட்டிக்கொண்டே இருந்தார்கள். திரும்ப வளருமா என்ற கவலை பெரும்பாலும் யாருக்கும் இல்லை.

வெட்டலாம்... ஆனா, வேரோடு வேண்டாம்!

1870-ல் பிறந்த ஹ்யூகோ பிரான்சிஸ் ஆண்ட்ரூ வுட், பிரிட்டிஷ் ஆட்சியின் வனத்துறை அதிகாரி. 1910-களின் நடுவில் ஆனைமலைக்கு வந்தவர் கண்ட காட்சி, மரம் இழந்த சரிவுகள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். வுட் வேலை பார்த்தது, மரம் விற்றுக் காசு பார்க்கும் ஓர் அரசாங்கத்துக்கு. இனிமே வெட்டவே கூடாதுன்னு அவரால் சொல்லியிருக்க முடியாது. அதனால், வெட்டும் விதத்தை மாற்றினார். மரத்தை வேரோடு பிடுங்காமல், தரைக்குப் பக்கத்தில் வெட்டி அடிக்கட்டையை விட்டுவிட வேண்டும். தேக்குக்கு ஒரு குணம் உண்டு. வேர் உயிரோடு இருந்தால், அடிக்கட்டையிலிருந்து புதுத் தளிர் கிளம்பும். வேர் ஏற்கெனவே ஆழமாக இறங்கியிருப்பதால் அந்தத் தளிர் வேகமாகவும் வளரும். கிட்டத்தட்ட நம்ம வீட்டு முருங்கையை வெட்டிவிட்டா திரும்பத் துளிர்க்குமே, அந்த லாஜிக்தான்!

கூடவே புதுக் கன்றுகளும் வேண்டுமே? ஆனைமலையில் இன்றும் சொல்லப்படும் கதை இது. வுட் காட்டுக்குள் நடக்கும்போதெல்லாம் பாக்கெட் நிறைய தேக்கு விதை இருக்குமாம். கையிலிருக்கும் வாக்கிங் ஸ்டிக்கால் தரையில் ஒரு குத்து, குழிக்குள் ஒரு விதை. அடுத்த அடி, அடுத்த விதை. கதையில் கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனா, மலையில் தேக்கு திரும்ப எழுந்து நின்றது நிஜம்.

கதையில் விடுபட்டவர்கள்

இதை ஒரே ஒரு ஹீரோ காட்டைக் காப்பாற்றிய கதையாக முடித்துவிட்டால், அது பாதிக் கதைதான். காடர், மலசர், முதுவர், இரவாளர், புலையர் எனப் பல பழங்குடி மக்கள் வுட் வருவதற்கு ரொம்ப காலம் முன்பிருந்தே ஆனைமலையில் வாழ்கிறார்கள். எந்தப் பாறையில் தேன் இருக்கும், யானை எந்த வழியில் வரும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆனா, காட்டின் மீதான அவர்கள் உரிமையைச் சட்டம் ஏற்றுக்கொள்ள, 2006-ல் வன உரிமைச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று... தேக்குத் தோப்பு வேறு, காடு வேறு. தோப்பில் ஒரே வகை மரம் வரிசைகட்டி நிற்கும். டாப்ஸ்லிப் பக்கத்திலேயே இருக்கும் கரியன் சோலைக்குள் பகலிலும் இருட்டு. ஒரு மரத்தின் மேல் பாசி, அதன் மேல் கொடி, அதற்கும் மேல் ஒரு பறவை என அடுக்கடுக்காக உயிர்கள் இருக்கும். வுட் மீட்டது தேக்கைத்தான். சோலையை எந்த அதிகாரியாலும் நட்டு உருவாக்க முடியாது. இருப்பதை விட்டுவைக்கத்தான் முடியும்.

தேக்குகளுக்கு நடுவே...

ஓய்வுக்குப் பிறகு குன்னூரில் வாழ்ந்த வுட், 1933 டிசம்பரில் இறந்தார். அவர் ஆசைப்பட்டது போலவே, டாப்ஸ்லிப் பக்கத்தில் மவுன்ட் ஸ்டூவர்ட் என்ற இடத்தில், தேக்கு மரங்களுக்கு நடுவே அடக்கம் செய்தார்கள். கல்லறையில் லத்தீனில் ஒரு வரி இருக்கிறது. லண்டன் புனித பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் கல்லறையில் இருக்கும் அதே வரி. நினைவுச்சின்னத்தைத் தேடுபவர்கள் சுற்றிப் பார்த்தாலே போதும் என்பது அதன் அர்த்தம். ரென்னைச் சுற்றி இருப்பது கல். வுட்டைச் சுற்றி இருப்பது மரம்.

2007-ல் இந்த மலை, புலிகள் காப்பகம் ஆனது. சரித்துவிட ஒரு காலத்தில் மரம் தேடிய இடத்தில், இன்று புலியின் காலடித் தடம் தேடுகிறார்கள்.

இப்போ திரும்ப நம்ம ரோட்டுக்கு வருவோம். நன்மங்கலத்திலும் கல் உடைத்த பழைய குவாரி உண்டு. உடைப்பதை நிறுத்திய பிறகு, அந்தப் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தைகள் குடும்பம் நடத்துகின்றன. யாரும் விதை போட்டு வளர்த்ததில்லை, விட்டுவைத்தார்கள், அவ்வளவுதான்.

வுட் சொல்லாமல் சொன்னதும் அதுதான். அடிக்கட்டையையாவது விட்டுவைங்க, மீதியை வேர் பார்த்துக்கும். அடுத்த தடவை அந்த டிராஃபிக்கில் மாட்டும்போது, போனை உள்ளே வெச்சுட்டு ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்க. நம்ம ஏரியாவில் மிச்சமிருக்கும் அடிக்கட்டை அது!