ஓடிய கால் ஓய்ந்தது; வில்லை எடுத்தார் வீரர்!

கரிசல் காட்டில் செருப்பில்லாமல் நடந்தால் எப்படி இருக்கும்? ஒரு பக்கம் நெருஞ்சி முள். மறு பக்கம் கருவேல முள். வெயில் ஏறினால் தரையே கொதிக்கும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் பாதமே சொல்லும்.

அப்படிப்பட்ட வெறும் பாதத்தோடு ஓடி, உலகத்தையே வென்றவர் ஒருவர் உண்டு. அவர்தான் அபேபே பிகிலா.

ஆப்பிரிக்காவில் உள்ள எதியோப்பியா நாட்டில், 1932-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் ஆடு மேய்ப்பவர். பிகிலா வளர்ந்ததும் சக்கரவர்த்தி ஹெய்லி செலாசியின் மெய்க்காவல் படையில் சேர்ந்தார். அங்கே சுவீடன் நாட்டுக்காரரான ஒன்னி நிஸ்கானன் அவருக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார்.

வெறுங்கால் வெற்றி

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42 கிலோ மீட்டர், 195 மீட்டர். அருப்புக்கோட்டையில் புறப்பட்டு, மதுரையை நெருங்கும் வரை நிற்காமல் ஓடுவது போல!

1960-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி, ரோம் நகரில் ஒலிம்பிக் பந்தயம். புதுக் காலணி பிகிலாவின் காலுக்குச் சேரவில்லை. வெறுங்காலோடு ஓடினார். 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் முதலாவதாக வந்தார். உலகமே திகைத்தது.

1964-ல் டோக்கியோவிலும் அவருக்கே தங்கப் பதக்கம். அப்போது அவருக்குக் குடல்வால் ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை! மாரத்தானில் இரண்டு முறை ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் மனிதர் அவரே.

கால் கொடுத்த தொல்லை

1967-ல் தொடைத் தசையில் காயம் ஏற்பட்டது. அது அவரை விடவில்லை. முட்டு வலிக்கு எண்ணெய் தேய்த்துக் கொண்டு, மறுநாளே கபடிக்கு இறங்கும் பிள்ளைகள் நம் ஊரிலும் உண்டல்லவா? பிகிலாவும் அந்த ரகம்தான். 1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் நோகிற காலோடு ஓடினார். சுமார் 17 கிலோ மீட்டரில் விலக நேர்ந்தது. அவர் நாட்டவரான மாமோ வோல்டே வென்றார்.

அடுத்த இடி 1969 மார்ச்சில் விழுந்தது. பிகிலா ஓட்டிச் சென்ற கார் விபத்துக்குள்ளானது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. அதன் பிறகு அவர் நடக்கவே இல்லை.

கைக்கு வந்தது வேலை

சிகிச்சைக்காக இங்கிலாந்தில் உள்ள ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார்கள். முதுகுத் தண்டில் அடிபட்டவர்களுக்கு விளையாட்டையே மருந்தாகக் கொடுத்த இடம் அது. டாக்டர் லுட்விக் குட்மன் 1948-லேயே அங்கு சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேருக்கு வில் போட்டி நடத்தியிருந்தார். வில்லை இழுக்கத் தோளும் கையும் முதுகும் போதும், கால் வேண்டாம். உட்கார்ந்தபடி உடம்பைச் சாயாமல் நிறுத்தவும் அது பழக்கும்.

பிகிலா வில்லைக் கையில் எடுத்தார். மேஜைப் பந்தும் ஆடினார். 1970-ல் அங்கு நடந்த போட்டியில் அம்பு எய்தார்.

ரோம் வெற்றியைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கோ இதுதான் பெரிதாகப் படுகிறது. உலக வீரர் என்று பெயர் எடுத்தவர், புதுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல, முதல் பாடத்திலிருந்து கற்றுக் கொண்டார். அந்த வரிசையில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். அதற்கு அவர் கூசவில்லை.

1971-ல் நார்வே நாட்டுக்குப் போனார். மழைக்கே ஏங்கும் நம் சீமைக்காரர்கள் கேளுங்கள்: அங்கே தரையெல்லாம் பனி! நாய்கள் இழுக்கும் வண்டியில் அமர்ந்து, 25 கிலோ மீட்டர் பந்தயத்தில் முதலாவதாக வந்தார்.

1972-ல் மியூனிக் ஒலிம்பிக்குக்கு விருந்தாளியாக, சக்கர நாற்காலியில் வந்தார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

1973 அக்டோபர் 25-ந் தேதி, மூளையில் இரத்தம் கசிந்து பிகிலா காலமானார். வயது 41. இறுதி ஊர்வலத்தில் பல்லாயிரம் பேர் திரண்டனர். சக்கரவர்த்தியும் வந்திருந்தார்.