ஒளிக்குக் காத்திருந்தவர்

ஞாயிறுதோறும் நம் கோவில் படிகளில் ஏறுகிறீர்கள். அந்தப் படிகளை என்றாவது நின்று உற்றுப் பார்த்ததுண்டா? அவ்விதம் பார்த்த ஒருவரின் சரித்திரத்தைக் கேளுங்கள்.

பிரெடரிக் ஹென்றி எவான்ஸ் என்பவர் 1853-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். அந்நகரில் புத்தகக் கடை வைத்துப் பிழைத்தார். ஓய்வு நேரத்தில் போட்டோ எடுக்கப் பழகினார். மைக்ராஸ்கோப் வழியாகச் சின்னஞ்சிறு சிப்பிகளைப் படம் பிடித்து, 1887-ல் பதக்கம் பெற்றார். மரங்கள் அடர்ந்த வனங்களும் அவர் மனதைக் கவர்ந்தன. சர்வேசுரனுடைய சிருஷ்டிப்பில் அற்பமானது எதுவுமில்லை என்பதை அப்படங்கள் நமக்குக் காட்டுகின்றன.

1898-ல் கடையை விட்டார். பின்பு இங்கிலாந்தின் பழைய மேற்றிராசனக் கோவில்களைப் படம் பிடிக்கலானார். அவை இன்று ஆங்கிலிக்கன் சபையார் வசமிருப்பினும், நம் கத்தோலிக்க முன்னோர் விசுவாசத்தோடு எழுப்பியவை அல்லவா?

எவான்ஸ் அவசரப்பட்டவரல்லர். ஒரு கோவிலுக்குச் சென்றால் அவ்வூரில் வாரக்கணக்காய்த் தங்குவார். எந்த நேரத்தில் எந்தத் தூணில் வெளிச்சம் விழுகிறது என்று கவனிப்பார். தக்க வேளை வந்த பிறகே படம் எடுப்பார். எடுத்த படத்தைத் திருத்தி அழகுபடுத்த அவர் சம்மதித்ததில்லை. கறுப்பு, வெள்ளை, இடையிலுள்ள சாம்பல் நிறங்கள்: இவையே அவருக்குப் போதும். பிளாட்டினம் பூசிய காகிதத்தில் அச்சிடுவார். அதில் நிழல்கள் மிருதுவாய்ப் பதியும். படம் எளிதில் மங்காது.

1903-ல் வெல்ஸ் நகரக் கோவிலின் கற்படிகளைப் படமெடுத்தார். பல நூறு ஆண்டுகள் மனிதர் மிதித்து மிதித்துத் தேய்ந்த படிகள் அவை. படத்தில் அலைமேல் அலையாய் எழும்புகின்றன. படிகளின் கடல் என்று அதற்குப் பெயரிட்டார். அதுவே அவர் பெயரை உலகறியச் செய்தது.

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. பிளாட்டினத்துக்குத் தட்டுப்பாடு வந்தது, விலையும் ஏறியது. அவர் நம்பிய காகிதம் கிடைக்காமற் போயிற்று. வேறு காகிதம் மனதுக்குப் பிடிக்கவில்லை. ஆகவே புகழோடிருந்த கலையையே நிறுத்திவிட்டார். குறைந்ததைக் கொடுப்பதிலும் கொடாதிருப்பதே மேல் என எண்ணினார் போலும்! தொண்ணூறு வயதை நெருங்கி, 1943-ல் காலமானார்.

வாசகரே, அந்தப் படிகளைத் தேய்த்தது யார்? ராஜாக்களும் மேற்றிராணிமாரும் மாத்திரமா? பெயர் தெரியாத எத்தனையோ பேரின் பாதங்களும் அல்லவா! அவர்கள் ஜெபித்த ஜெபங்களை நாம் அறியோம், சர்வேசுரன் அறிவார். நம் கோவில் படியும் நாளுக்கு நாள் தேய்கிறது. உங்கள் தாயாரும் பாட்டனாரும் ஏறிய படி அது. வரும் ஞாயிறு பூசைக்குப் பத்து நிமிஷம் முந்தி வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். பீடத்தின்மேல் காலை வெளிச்சம் விழுவதைச் சற்று மௌனமாய்ப் பாருங்கள்.