கொசுவின் வயிற்றில் கண்ட உண்மை

நாச்சாரத்திலிருந்து செகந்திராபாத்தைக் கடந்து மேற்கே சென்றால் பேகம்பேட்டையை அடையலாம். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான முதற்சான்று அங்குள்ள பழைய கட்டடம் ஒன்றில்தான் கிடைத்தது. அதனைக் கண்டறிந்தவர் மருத்துவர் ரொனால்டு ராஸ்.

ராஸ் 1857ஆம் ஆண்டு இமயமலைப் பகுதியிலுள்ள அல்மோராவில் பிறந்தார். இலண்டனில் மருத்துவம் பயின்று, 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1883இல் பெங்களூரில் அவர் தங்கியிருந்த வீட்டில் கொசுத்தொல்லை மிகுந்திருந்தது. சன்னலருகே இருந்த நீர்த்தொட்டியில் கொசுப்புழுக்கள் நெளிவதைக் கண்டார். அந்நீரைக் கொட்டியதும் கொசுக்கள் குறைந்தன.

தீய காற்றே மலேரியாவுக்குக் காரணம் என அக்காலத்தில் பலரும் நம்பினர். அந்நோயின் ஒட்டுண்ணி மனிதக் குருதியில் வாழ்வதைப் பிரெஞ்சு மருத்துவர் லாவரான் 1880இல் கண்டறிந்திருந்தார். ஆயினும், அது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு எவ்வாறு செல்கிறது என்பது விளங்கவில்லை. அதில் கொசுவுக்குப் பங்கு இருக்கலாம் என 1894இல் பாட்ரிக் மேன்சன் ராஸிடம் எடுத்துரைத்தார்.

1895இல் செகந்திராபாத்துக்கு வந்த ராஸ், நூற்றுக்கணக்கான கொசுக்களை அறுத்து ஆராய்ந்தார். அவை மனித மலேரியாவைப் பரப்பாத வகையினவாதலால் ஒன்றும் புலப்படவில்லை. 1897இல் நீலகிரியின் சிகூர்ப் பகுதிக்குச் சென்றபோது அவரையே மலேரியா தாக்கியது. எனினும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. விசிறிக் காற்றில் அறுத்த கொசுக்கள் பறந்துவிடும் என்பதால், வியர்வை வழிய நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்தார்.

அவ்வாண்டு ஆகஸ்டில், சிறகில் புள்ளிகளுடைய அனாபிலிஸ் கொசுக்கள் கிடைத்தன. மலேரியா நோயாளியான ஹுசைன் கான், கொசு ஒன்றுக்கு ஓரணா பெற்றுக்கொண்டு, அவை தம்மைக் கடிக்க இசைந்தார். ஆகஸ்ட் 20ஆம் நாள், அத்தகைய கொசு ஒன்றின் இரைப்பைச் சுவரில் கருந்துகள்களுடன் கூடிய வட்ட உயிரணுக்களை ராஸ் கண்டார். அத்துகள்கள் மலேரியா ஒட்டுண்ணிக்கே உரியவை.

1898இல் கல்கத்தாவில் பறவை மலேரியாவை ஆராய்ந்து, ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடியின் வழியே பரவுவதை மெய்ப்பித்தார். மனித மலேரியாவை அனாபிலிஸ் பரப்புவதை அதே ஆண்டில் இத்தாலியரான கிராசியும் அவருடைய குழுவினரும் உறுதிசெய்தனர். 1902இல் ராஸ் நோபல் பரிசு பெற்றார்; 1932இல் மறைந்தார்.

முட்டை, புழு, கூட்டுப்புழு ஆகிய மூன்று நிலைகளையும் கொசு நீரிலேயே கழிக்கிறது. ஆகவே, தேங்கிய நீரை வாரந்தோறும் அகற்றினால் புழு கொசுவாகாது. பெங்களூரில் ராஸ் செய்த அச்சிறு செயலை இன்று நாமும் நம் மாடியிலும் முற்றத்திலும் செய்யலாம்.

சொற்பொருள்
குருதி – இரத்தம்
ஒட்டுண்ணி – பிற உயிரைச் சார்ந்து, அதன் உணவைக் கவர்ந்து வாழும் உயிரி
மெய்ப்பித்தார் – உண்மையென நிறுவினார்

வினாக்கள்
1. ராஸின் தொடக்கக்கால ஆய்வுகள் பயன் தராமைக்குக் காரணம் யாது?
2. இக்கண்டுபிடிப்பில் ஹுசைன் கானின் பங்கு யாது?
3. உங்கள் வீட்டைச் சுற்றி நீர் தேங்கும் இடங்களைப் பட்டியலிடுக.