பம்பரம் தந்த பரிசு

கவிதையும் கணிதமும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக் கூடும் என்பதற்குச் சான்றாக வாழ்ந்தவர் சோபியா கோவலெவ்ஸ்காயா. 1850இல் மாஸ்கோவில் பிறந்தார். இளமையில், சுவர்த்தாள் போதாமையால் அவர்தம் அறைச்சுவரில் நுண்கணித விரிவுரைத் தாள்களை ஒட்டியிருந்தனர். பொருள் விளங்காத அவ்வரிகளை நாள்தோறும் நோக்கி வளர்ந்தார்.

ரஷ்யப் பல்கலைக்கழகங்கள் அன்று மகளிரைச் சேர்ப்பதில்லை. அயல்நாடு சென்று பயில்வதற்காகவே 1868இல் பெயரளவில் ஒரு திருமணம் செய்துகொண்டார். ஹைடல்பர்க்கில் தனி இசைவு பெற்றே கிர்க்காஃப் முதலியோரின் இயற்பியல் வகுப்புகளில் அமர முடிந்தது. பெர்லின் பல்கலைக்கழகம் அதனையும் மறுத்தது. கணிதப் பேரறிஞர் வயர்ஸ்டிராஸ் நான்காண்டுகள் தனியே கற்பித்தார். 1874இல் முனைவரானார், பணிதான் கிட்டவில்லை. 1884இல்தான் ஸ்டாக்ஹோமில் விரிவுரையாற்றத் தொடங்கினார். அங்கிருந்தே இளமை நினைவுகளையும் எழுதினார்.

ஒரு புள்ளியில் ஊன்றிச் சுழலும் திண்பொருளின் இயக்கத்தை முற்றக் கணிப்பது அரிது. ஆய்லரும் லக்ராஞ்சும் ஆளுக்கொரு வகைக்கு விடை கண்டிருந்தனர். மூன்றாம் வகையைக் கண்டவர் சோபியா. எழுதியவர் பெயர் மறைத்து நடந்த போட்டியில், 1888இல் பாரிஸ் அறிவியற் கழகம் 3000 பிராங்க் பரிசை 5000 ஆக உயர்த்தி அவருக்கு வழங்கியது. 1891இல், 41ஆம் வயதில் மறைந்தார்.

வகுப்பறை வாயிலில் தடுக்கப்பட்டவர், பம்பரத்தைப் பயிலும் மாணவர்க்கு இன்று பாடமாகவே நிற்கிறார்.