மாணவர் என்னும் பேரறிஞர்

பானையிலிருந்து ஒரு சோற்றை எடுத்துப் பதம் பார்த்து, முழுவதும் வெந்ததென்று அறிவது நம் வீட்டு மகளிர்க்கு எளிது. ஒரே நீரில் ஒரே தீயில் வெந்த சோறாதலின் அம்முடிவு பிழைப்பதில்லை. வயலில் விளையும் தானியமோ அத்தகையதன்று. பாத்திக்குப் பாத்தி மண் வேறு. ஆண்டுக்கு ஆண்டு மழை வேறு. நான்கைந்து பாத்திகளின் விளைச்சலைக் கண்டு, ஒரு விதை சிறந்ததென்று துணிந்து கூறலாமா? கூறலாமெனின், எவ்வளவு துணிவோடு கூறலாம்? இவ்வினாவிற்கு விடை கண்டவர் வில்லியம் சீலி காசெட் ஆவார்.

காசெட் 1876ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 13ஆம் நாள் இங்கிலாந்தில் காண்டர்பரி நகரில் பிறந்தார். தந்தையார் படைத்துறைப் பொறியாளர். தாமும் அத்துறையில் சேரவே மகன் விரும்பினார். கண்பார்வைக் குறைவு அதற்குத் தடையாயிற்று. ஆக்ஸ்போர்டில் கணிதமும் வேதியியலும் பயின்று இரண்டிலும் முதல் வகுப்பில் தேறினார். 1899இல் அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்த கின்னஸ் பீர் ஆலையில் பணியேற்றார்.

பார்லியும் ஹாப்ஸ் என்னும் பூவும் அவ்வாலையின் மூலப்பொருள்கள். எந்தப் பார்லி நல்லது, எந்த உரம் ஏற்றது என்று அங்கே ஓயாமல் ஆராய்ந்தனர். ஆனால் ஓர் ஆண்டில் கிடைக்கும் அளவீடுகளோ ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். அந்நாளையப் புள்ளியியல் முறைகள் நூற்றுக்கணக்கான அளவீடுகளை வேண்டின. அளவீடுகளுக்காகக் காத்திருந்தால் ஆண்டுகள் கழியும்; காத்திராமல் தவறாக முடிவு செய்தால் பெரும்பொருள் பாழாகும். காசெட் இவ்விடுக்கணில் அகப்பட்டார்.

1905இல் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சனைக் கண்டு, அடுத்த ஆண்டு இலண்டனில் அவரிடம் பயிலச் சென்றார். பியர்சன் கணிதத்தில் உதவினார். எனினும் பெருந்தொகுதிகளையே ஆண்டு பழகிய அவருக்குச் சிறு மாதிரிகளின் அருமை புலப்படவில்லை. காசெட் தாமே முயன்றார். 3000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரலின் நீளத்தையும் 3000 அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக 750 மாதிரிகள் எடுத்தார். ஒவ்வொன்றின் சராசரியையும் கணக்கிட்டார். கணிப்பொறி இல்லாத காலம் அது! தாம் கணித வழியில் அடைந்த வளைகோட்டோடு அவை ஒத்து வந்தன. 1908இல் அவ்வாய்வு வெளியாயிற்று.

பிற்காலத்தில் செப்பம் செய்யப்பட்ட வடிவில் அம்முறையைக் காண்போம். காசெட் எடுத்துக்கொண்ட ஒரு சான்று இது. பத்து நோயாளிகளுக்கு உறக்கம் தரும் இரு மருந்துகள் தனித்தனியே கொடுக்கப்பட்டன. இரண்டாம் மருந்து, முதல் மருந்தைவிடச் சராசரியாக 1.58 மணி கூடுதலாக உறக்கம் தந்தது. ஆனால் ஒருவருக்கு வேற்றுமையே இல்லை, மற்றொருவருக்கோ 4.6 மணி. அப்படியாயின் இச்சராசரி தற்செயலாய் வந்ததாகாதா? மருந்துகளுக்குள் வேற்றுமை இல்லையென்று முதலில் கொள்வோம். பத்து வேற்றுமைகளின் திட்ட விலக்கம் 1.23. அதனைப் பத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க, 0.39 வரும், இதுவே சராசரியின் திட்டப் பிழை. கண்ட சராசரி இதனைப்போல் நான்கு மடங்கு. பெரிய மாதிரியில் 1.96 மடங்கைக் கடந்தாலே, தற்செயலால் அவ்வாறு நேர்வது நூற்றில் ஐந்து முறைக்கும் குறைவு. பத்துப் பேர்க்கு 2.26 மடங்கு வேண்டும், நால்வர்க்கு 3.18 வேண்டும். ஏனெனில் திட்ட விலக்கத்தையே அச்சிலரைக் கொண்டுதான் மதிப்பிடுகிறோம், அதுவும் பிழைபடக்கூடும். நான்கு மடங்கு 2.26ஐ நன்கு கடந்து நிற்றலின், வேற்றுமை இல்லையென்ற கொள்கை கைவிடப்பட்டது. கடவாதிருந்தால் மருந்துகள் சமமெனப் பொருளன்று. சான்று போதாது என்பதே பொருள். இதனை மறந்து இடர்ப்படுவோர் பலர்.

தொழில் மறைகள் வெளிப்படாதிருக்க, ஊழியர் சொந்தப் பெயரில் எழுதுவதை ஆலையார் விரும்பவில்லை. ஆகவே காசெட் ‘ஸ்டூடன்ட்’, அதாவது மாணவர், என்னும் புனைபெயரில் எழுதினார். சில ஆண்டுகள் அவ்வாய்வைப் பெரிதாக மதித்தவர் சிலரே. 1912இல் கேம்பிரிட்ஜில் பயின்ற ரொனால்டு பிஷர் என்னும் இளைஞர், அதற்கு வடிவியல் வழியில் நிறுவல் அனுப்பினார். காசெட்டுக்கு அது முழுதும் விளங்கவில்லை. ஒளிக்காமல் அதனைச் சொல்லிப் பியர்சனுக்கு அனுப்பினார். பிஷரின் 1925ஆம் ஆண்டு நூல் வழியாக அச்சோதனை உலகெங்கும் பரவிற்று.

பியர்சனும் பிஷரும் பகைமை பாராட்டினர். காசெட் இருவர்க்கும் நண்பராகவே இருந்தார். ஆயினும் கருத்து வேற்றுமையை அவர் மறைத்ததில்லை. சோதனை வயலில் பாத்திகளைக் குலுக்கல் முறையில் வகுக்க வேண்டுமென்றார் பிஷர். ஒழுங்குபட அமைப்பதே நன்றென்று காசெட் இறுதிவரை வாதிட்டார். 1935இல் இலண்டனில் எழுந்த புதிய ஆலையின் பொறுப்பேற்றுச் சென்ற அவர், 1937ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் தம் 61ஆம் வயதில் காலமானார். பாத்திகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 1938இல் அச்சாயிற்று. அப்போதும் அதன் தலைப்பின்கீழ் இருந்தது மாணவர் என்னும் பெயரே.