இது நோயா, இயல்பா? 100 ஆண்டுகளுக்கு முன்பே கேட்ட டாக்டர்: யார் இந்த மேக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட்?

1933-ம் ஆண்டு மே மாதம். பாரிஸ் நகரில் ஒரு தியேட்டர். திரையில் செய்திப்படம் ஓடிக்கொண்டிருந்தது. பெர்லின் நகரச் சதுக்கம் ஒன்றில் புத்தகங்களைக் குவித்துத் தீ வைக்கிறார்கள். சுற்றி நின்று மாணவர்கள் ஆர்ப்பரிக்கிறார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், 65 வயது ஜெர்மன் டாக்டர். எரிந்த புத்தகங்களில் பல ஆயிரம் அவருடைய நூலகத்தில் இருந்தவை. அவரது வாழ்நாள் உழைப்பு சாம்பலாவதை, வேறொரு நாட்டில் உட்கார்ந்து சினிமா திரையில்தான் அவரால் பார்க்க முடிந்தது.

அவர் பெயர் மேக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட். பாலியல் பிரச்னைகளையும் மனநலப் பிரச்னைகளையும் ஒரே கூரையின் கீழ் கவனிக்கும் மருத்துவமனையை நடத்திய முன்னோடி.

ஒரு நோயாளியின் கடிதம்

1868-ம் ஆண்டு மே 14-ம் தேதி, பால்டிக் கடலோர ஊரான கோல்பெர்க்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் ஹிர்ஷ்ஃபெல்ட். அப்போது ஜெர்மனியைச் சேர்ந்த அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. அப்பாவும் டாக்டர்தான். மருத்துவம் படித்து முடித்த மகன், 1896-ல் பெர்லினை ஒட்டிய சார்லோட்டன்பர்க்கில் கிளினிக் வைத்தார்.

மனச்சோர்வுக்காக அவரிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த ஓர் இளம் ராணுவ அதிகாரி, தன் திருமணத்துக்கு முந்தைய நாள் இரவு உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு. வீட்டில் சொல்ல முடியவில்லை. சொன்னால் சட்டமும் விடாது. ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 175-வது பிரிவு, ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றம் என்றது.

இறப்பதற்கு முன் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார் அந்த அதிகாரி. தன் கதையை உலகத்துக்குச் சொல்லும்படி அதில் கேட்டிருந்தார்.

அந்தக் கடிதம் ஹிர்ஷ்ஃபெல்ட்டை உலுக்கிவிட்டது. மனச்சோர்வுக்கு மருந்து கொடுத்தோமே, ஆனா அது எதனால் வந்தது? அந்த இளைஞரைக் கொன்றது அவருடைய ஈர்ப்பா, அல்லது அதைச் சுற்றி இருந்த பயமா? அதே ஆண்டில், புனைபெயரில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1897-ல் 175-வது பிரிவை நீக்கக் கோரி ஓர் அமைப்பையும் தொடங்கினார். அந்தக் கோரிக்கை மனுவில் பின்னாட்களில் ஐன்ஸ்டீன், எழுத்தாளர் தாமஸ் மான் உட்பட ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள்.

கேள்வி கேட்டதற்கு அபராதம்

அந்தக் காலத்தில் பாலியல் பிரச்னை என்றால் டாக்டர்களே ஒழுக்கக்கேடு, மூளைக்கோளாறு என்று முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள். ஹிர்ஷ்ஃபெல்ட் வேறு வழியைப் பிடித்தார். உட்கார வைத்துக் கேட்பது.

நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார். குடும்பம், குழந்தைப் பருவம், உடல், கனவு, காதல் என்று எல்லாமே அதில் உண்டு. அதுபோக, 1903, 1904-ம் ஆண்டுகளில் கல்லூரி மாணவர்களிடமும் உலோகத் தொழிலாளர்களிடமும் தபால் மூலம் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்கள் சுமார் 2 சதவீதம் என்று கணக்கு வந்தது. ஆனால் இப்படிக் கேட்டதே அவமானம் என்று சில மாணவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். டாக்டருக்கு 200 மார்க் அபராதம்!

1910-ல் வந்த அவரது இன்னொரு நூல் முக்கியமானது. எதிர்பாலின உடை அணிபவர்கள் எல்லோரும் தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்கள்தான் என்று அப்போது நம்பினார்கள். இல்லை, யார் மீது ஈர்ப்பு என்பது வேறு, தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ உணர்வது வேறு என்று பிரித்துக் காட்டினார். இப்போது சாதாரணமாகத் தெரியலாம். அன்றைக்கு அது பெரிய மாற்றம்.

அந்த மருத்துவமனையில் என்ன நடந்தது?

1919 ஜூலையில், பெர்லினில் ஒரு பெரிய மாளிகையில் பாலியல் அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கினார். பால்வினை நோய்க்குச் சிகிச்சை, ஆண்மைக் குறைவுக்கு வைத்தியம், திருமண ஆலோசனை, கருத்தடை ஆலோசனை என எல்லாமே அங்கே கிடைத்தது. மனநலத்தைக் கவனிக்க ஆர்தர் குரோன்ஃபெல்ட் என்ற மனநல மருத்துவர் இருந்தார். ஏழைகளிடம் காசு வாங்கவில்லை.

வெட்கப்படுபவர்களுக்காக ஒரு பெட்டியும் உண்டு. பெயர் போடாமல் சந்தேகத்தை எழுதிப் போட்டால் போதும். பொதுக்கூட்டத்தில் டாக்டர்கள் பதில் சொல்வார்கள்.

தன்பாலின ஈர்ப்போடு வந்தவர்களை மாற்ற முயல்வதைவிட, தன்னை ஏற்றுக்கொண்டு வாழப் பழக்குவதே சிகிச்சை என்று ஆனது. பெண்ணாக உணர்ந்தவர்கள் பெண் உடையில் வெளியே போனால் போலீஸ் பிடிக்கும். அதற்கு மருத்துவச் சான்று கொடுத்து, போலீஸிடம் அனுமதி அட்டை வாங்கித் தந்தார். அந்த நிறுவனத்திலேயே வேலை பார்த்த டோரா ரிக்டர் என்ற திருநங்கைக்கு 1931-ல் பாலின மாற்று அறுவை சிகிச்சை முழுமையாக முடிந்தது. உலகில் இத்தகைய ஆரம்பகால அறுவை சிகிச்சைகளில் அதுவும் ஒன்று.

தவறே செய்யவில்லையா?

செய்தார். ஆண் சுரப்பியை மாற்றிப் பொருத்தினால் ஈர்ப்பும் மாறும் என்று வியன்னா ஆய்வாளர் ஸ்டைனாக் சொன்னதை நம்பி, சிலரை அந்த அறுவை சிகிச்சைக்கு அனுப்பினார். பலன் இல்லை, பாதிப்புதான் மிச்சம். யார் குழந்தை பெறலாம் என்பதை அறிவியல் தீர்மானிக்கலாம் என்ற இனமேம்பாட்டுக் கொள்கையையும் ஆதரித்தார். அதே கொள்கையைத்தான் பிறகு நாஜிகள் கொடூரமாகப் பயன்படுத்தினார்கள்.

உயிரோடு இருக்கும்போதே இரங்கல் செய்தி

யூதர், இடதுசாரி, பாலியல் பற்றிப் பேசுபவர். ஹிர்ஷ்ஃபெல்ட்டை வெறுக்க வலதுசாரிகளுக்கு மூன்று காரணங்கள் இருந்தன. 1920-ல் மியூனிக் நகரில் ஒரு கும்பல் அவரை அடித்துத் தெருவில் போட்டுவிட்டுப் போனது. இறந்துவிட்டார் என்று பத்திரிகைகளில் செய்தியே வந்துவிட்டது.

1930-ல் உலகப் பயணம் கிளம்பினார். அமெரிக்கா, ஜப்பான், சீனா வழியாக 1931-ல் இந்தியாவுக்கும் வந்தார். நேருவைச் சந்தித்தார். இந்திய விடுதலைக்கு ஆதரவாக எழுதினார். ஆனால் அதன்பின் ஜெர்மனிக்குத் திரும்பவே முடியவில்லை.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மே 6-ம் தேதி காலை, பேண்டு வாத்தியத்தோடு லாரிகளில் வந்த மாணவர்கள் நிறுவனத்தைச் சூறையாடினார்கள். 10-ம் தேதி இரவு புத்தகங்கள் எரிந்தன. ஹிர்ஷ்ஃபெல்ட்டின் மார்பளவுச் சிலையையும் ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். 175-வது பிரிவை 1935-ல் நாஜிகள் இன்னும் கடுமையாக்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அதே 1935-ம் ஆண்டு மே 14-ம் தேதி, தன் 67-வது பிறந்தநாளில், பிரான்ஸின் நீஸ் நகரில் ஹிர்ஷ்ஃபெல்ட் இறந்தார்.

பிறகு என்ன ஆனது?

தன்பாலின ஈர்ப்பை உலக சுகாதார அமைப்பு நோய்ப் பட்டியலிலிருந்து நீக்க முடிவெடுத்தது 1990 மே மாதத்தில். ஜெர்மனி 175-வது பிரிவை முழுசாக ரத்து செய்தது 1994-ல். 2022-ல் நடைமுறைக்கு வந்த சர்வதேச நோய்ப் பட்டியலில், மாற்றுப்பாலினத்தவராக இருப்பது மனநோய்ப் பிரிவிலிருந்து வெளியே எடுக்கப்பட்டது.

ஹிர்ஷ்ஃபெல்ட்டின் எல்லாமே எரிந்துபோகவில்லை. சீனப் பயணத்தில் அறிமுகமான லி ஷியு டாங் என்ற மாணவர், கடைசிவரை அவருடன் இருந்தார். குருவின் குறிப்புகளையும் உடைமைகளையும் ஊர் ஊராகச் சுமந்து, சுமார் 60 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தார். 1993-ல் கனடாவின் வான்கூவரில் லி இறந்த பிறகு, அந்தப் பெட்டி குப்பைக்குப் போனது. அதே குடியிருப்பில் இருந்த ஒருவர் பார்த்து, எடுத்து வைத்ததால் தப்பியது. பெர்லினில் தீக்குத் தப்பியதை, கடைசியில் ஒரு குப்பைத் தொட்டியிலிருந்து மீட்க வேண்டியிருந்தது.

(மன உளைச்சலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ இருந்தால் தயங்காமல் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண்: 14416)