முற்றத்துக்கு வந்த பள்ளிக்கூடம்

நம்ம பிள்ளைங்க போற அங்கன்வாடிக்கு அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? அங்கன் என்றால் வீட்டு முற்றம். பள்ளிக்கூடத்தை அந்த முற்றத்துக்கே கொண்டு போனவர் தாராபாய் மோடக் அம்மா.

1892-ல் மும்பையில் பிறந்தவர். பெண்கள் படிக்கிறதே அபூர்வமான அந்தக் காலத்தில் 1914-ல் பி.ஏ. முடித்தார். கல்யாண வாழ்க்கை நிலைக்கவில்லை. ஆனாலும் ஒடிஞ்சு உட்காரவில்லை. குஜராத்தில் பாவ்நகருக்குப் போய், கிஜுபாய் பதேகாவோடு சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இறங்கினார். விளையாட்டாகவே படிக்க வைக்கும் மாண்டிசோரி முறை அது. ஆனால் அதற்கான சாமான்கள் விலை அதிகம். அப்போ ஏழைப் பிள்ளைங்க என்ன செய்யும்?

அதற்காகவே 1945-ல் மகாராஷ்டிராவின் போர்டி என்ற கடலோரக் கிராமத்துக்கு வந்து பால்வாடி தொடங்கினார். ஊர் ஒதுக்கி வைத்த தெருவிலிருந்து பிள்ளைங்க வரவில்லை. வரலைன்னு குறை சொல்லாமல், அந்தத் தெருவுக்கே போய் முற்றத்தில் உட்கார்ந்தார். சிப்பி, கூழாங்கல், விதை, இலை, குச்சி, களிமண் இதெல்லாம்தான் சாமான். காசே செலவில்லை. கூழாங்கல்லை எண்ணினால் கணக்கு. இலைகளைப் பெரிசு சிறிசுன்னு பிரித்தால் அதுவும் பாடம்.

பிறகு கோஸ்பாட் மலைப் பகுதிக்குப் போனார். அங்கே வார்லி பழங்குடிப் பிள்ளைங்க மாடு மேய்க்கப் போயிடுவாங்க. பள்ளிக்கூடமும் மேய்ச்சல் நிலத்துக்குப் போனது. மாடு ஒரு பக்கம் மேய, பிள்ளைங்க மர நிழலில் படித்தார்கள். கூடவே உழைத்தவர் அனுதாய் வாக். 13 வயதில் கல்யாணமாகி ஆறே மாதத்தில் கணவரை இழந்தவர். அவரும் ஒடிஞ்சு போகவில்லை.

தாராபாய் அம்மாவுக்கு 1962-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1973-ல் காலமானார். இரண்டு வருஷம் கழித்து, 1975-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தபோது, அதன் மையங்களுக்கு அங்கன்வாடி என்றே பெயர் வைத்தார்கள்.

என் சின்ன மகனுக்கு நாலு வயசு. புளியங்கொட்டையை வைத்து மண்ணில் விளையாடினால், எழுதாம என்னடா விளையாட்டுன்னு கையில் ஒரு அடி வைப்பேன். இந்த அம்மா கதை தெரிந்த பிறகு ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பத்து பத்தாகக் குவித்து வைத்திருந்தான். நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

சகோதரிகளே, பிள்ளை கையில் மண் ஒட்டினால் கழுவிக்கலாம். விளையாட விடுவோம்.